ஃபர்னிச்சர் வேலைக்கு மட்டும் கொடுத்த சாவி

ஜூன் 14, சனிக்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம். இந்தக் கட்டடத்தில் வீடுகள் நாற்பத்திரண்டு. கடந்த பதினாலு நாளில் இங்கே என் காதில் நேராக விழுந்த குரல்கள் மூன்று: வாட்ச்மேன், பால் போடுகிறவர், லிஃப்ட்டுக்குள் கதவை மூடச் சொல்லும் ரெக்கார்டு செய்த பெண்மணி. மூவரில் அந்தப் பெண்மணிதான் அதிகம் பேசினார்.

தேதி, நேரம், எண்ணிக்கை போடாமல் எனக்கு எழுத வராது. சைட் ரிப்போர்ட் எழுதியே பழகிய கை. மாநகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் சப்-இன்ஜினியர் என்றால் வேலையே அதுதான்: பிளானில் என்ன இருக்கிறது, தரையில் என்ன இருக்கிறது, இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை மீட்டர். மகனே, உனக்கு இப்போது ஐந்து வயது. இதை நீ வாசிக்கும்போது இருபத்தைந்து ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம், எவனாவது உன் கையில் ஒரு வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கலாம். தமிழ் வாசிக்க உனக்கு வராது என்றும் எனக்குத் தெரியும். இந்தப் பம்பாயில் உன் வயதுப் பிள்ளைகள் போர்டில் உள்ள எழுத்தைக்கூடத் தட்டுத் தடுமாறித்தான் கூட்டுகிறார்கள். வராவிட்டால் உங்கம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல். அவளும் கேட்டதாக இருக்கும். ஒருவேளை நான் இதைத் தமிழில் எழுதுவதே அதற்காகத்தானோ என்னவோ.

என் எதிரில் ஒரு ஸ்கூல் ஃபாரம் இருக்கிறது. டோம்பிவிலியில் உன் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்கூல். கீழே இரண்டு கட்டம், தாய் கையொப்பம், தந்தை கையொப்பம். தாய் போட்டுவிட்டாள். நேற்று உன் பெரியப்பா இதை என் ஆபீஸுக்கே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "சகல, திங்கக்கிழமைதான் கடைசி. நீங்க போடலன்னா சீட்டு போயிரும். நான் ஒண்ணும் சொல்லல, நீங்களாச்சு அவளாச்சு" என்று சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார். நான் போட்டால் நீயும் அம்மாவும் ஒரு வருஷத்துக்கு அங்கேதான். போடாவிட்டால் சீட்டு போகும், நீங்கள் செம்பூருக்கு, இந்த வீட்டுக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும். நேற்று சாயங்காலம் முழுக்க எனக்கு ஓடிய கணக்கு இதுதான். கையெழுத்துப் போடாமல் ஃபைலை நிறுத்திவைக்க எனக்குச் சொல்லியா தர வேண்டும்? என் சம்பளமே அதற்குத்தான்.

இந்த வீட்டுக்கு நாம் எப்படி வந்தோம் என்று முதலில் சொல்கிறேன். நானும் உங்கம்மாவும் பிறந்தது தாராவியில், இரண்டு தெரு தள்ளி. கல்யாணமாகி இரண்டு வருஷம் அங்கேயே ஒரு அறையில் இருந்தோம். பிறகு செம்பூரில் வரிசை அறைகளாக இருந்த பழைய சால் ஒன்றை இடித்துக் கட்டிய இந்தக் கட்டடத்தில் ஆறாவது மாடியில் ஒரு வீடு வாங்கினேன். கட்டிமுடித்த கட்டடத்தை மாநகராட்சி வந்து பார்த்து, பிளானில் உள்ளபடி இருந்தால் குடியிருப்புச் சான்று கொடுக்கும். ஓ.சி. என்பார்கள். அது வருவதற்கு முன்னால் ஒருவரும் குடிவரக் கூடாது. ஆனால் பம்பாயில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பில்டர் சாவியைக் கொடுப்பார், கூடவே ஒரு கடிதம்: 'ஃபர்னிச்சர் வேலைக்காக மட்டும் சாவி பெற்றுக்கொண்டேன், குடியிருக்க மாட்டேன்.' கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் மறுநாளே பால் காய்ச்சிவிடுவார்கள். நானும் போட்டேன். வேறு கட்டடங்களில் இதே கடிதத்தைப் பார்த்தால் "என்ன நாடகம் இது" என்று கிழிகிழியென்று கிழிக்கிற ஆள் நான். நீ அப்போது கைக்குழந்தை. தாராவி அறையில் மழைக்காலத்தில் உனக்கு மூச்சு இரைத்தது. அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் காரணம் இருக்கிறது என்று யார் என் மேஜைக்கு வந்து சொன்னாலும் நான் கேட்டதில்லை.

முதல் மாதம் கேட்டில் ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. உள்ளே போகும் ஒவ்வொருவரும் பெயர், வீட்டு எண், வந்த காரணம் எழுதவேண்டும். நாற்பத்திரண்டு வீட்டுக்காரரும் தினமும் ஆபீஸ் விட்டு வந்து 'ஃபர்னிச்சர் வேலை' என்று எழுதிவிட்டு மாடியேறினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, நல்ல சேலையில், இடுப்பில் உன்னை வைத்துக்கொண்டு உங்கம்மா எழுதினாள்: 'ஃபர்னிச்சர் வேலை.' எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "இவன் கட்டிலா நாற்காலியாங்க?" என்றாள். வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது, அவனும் சிரித்தான். பொய்யை இத்தனை பேர் சேர்ந்து சொன்னால் அது பொய் மாதிரியே இருப்பதில்லை. அப்புறம் ரெஜிஸ்டர் தீர்ந்தது, புதிது யாரும் வாங்கவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது. ஓ.சி. இல்லாததால் தண்ணீர் இணைப்பு ஒழுங்காக இல்லை. தினமும் காலையில் டேங்கர் வரும். இதோ, இப்போது கீழே அதன் மோட்டார் சத்தம்தான் கேட்கிறது.

கட்டடத்தின் கீழ்த்தளம் பிளான்படி வெறும் தூண்கள், வண்டி நிறுத்துமிடம். நடுவில் ஒரு பகுதியை சுவர் வைத்து மறைத்து அறையாக்கலாம் என்று வீட்டுக்காரர் சங்கமான சொசைட்டியில் பேச்சு வந்தபோது, உங்கம்மா அதில் பேபி சிட்டிங் நடத்துகிறேன் என்றாள். கட்டடத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் அதிகம். காலையில் எட்டேகாலுக்குப் பிள்ளையை விட்டால் சாயங்காலம் ஏழுக்குத்தான் வந்து எடுப்பார்கள். உன்னோடு சேர்த்துப் பதிமூன்று பிள்ளைகள். சொசைட்டி செக்ரட்டரி என்னிடம், "சாப், ஆப் தோ இன்ஜினியர் ஹோ, இன்ஸ்பெக்ஷன் கா குச் சோச்சோ" என்றார். இன்ஜினியராச்சே, இன்ஸ்பெக்ஷனுக்கு ஏதாவது வழி யோசியுங்கள் என்கிறார். நானும் யோசித்தேன். செங்கல் வேண்டாம், சிமென்ட் போர்டில் பலகைகள் செய்து தரையில் போல்ட் போட்டு நிறுத்தலாம், இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் கழற்றி மொட்டைமாடியில் அடுக்கிவிடலாம், ஓ.சி. கைக்கு வந்ததும் திரும்ப மாட்டலாம் என்று படம் வரைந்து கொடுத்தேன். முப்பத்தாறு போல்ட். நாலு பேர் சேர்ந்தால் இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் தரை காலியாகும். செய்துபார்த்து நேரம் குறித்தேன். அன்று எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரே ஒரு கதவு வைத்தேன். இரண்டாவது வைத்தால் மூலையில் உள்ள தூணில் இடித்தது, பலகை அளவு கெட்டுப்போயிற்று, விட்டுவிட்டேன்.

இப்போது மாதுங்காவில் நடந்தது. அந்தப் பக்கம்தான் என் ஏரியா. மே மாதத் தொடக்கத்தில் ஒரு புகார் வந்தது, குடியிருப்புக் கட்டடத்தின் பார்க்கிங்கில் இட்லி மாவுக் கடை நடக்கிறது என்று. போனேன். திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். புருஷன் தவறிப்போய், அந்த அம்மா இரண்டு பெரிய கிரைண்டரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் பார்த்தது கிரைண்டரை இல்லை, அதற்குப் பின்னால் இருந்த மீட்டர் ரூமை. "அம்மா, இந்த மாதிரிக் கட்டடத்துல பாதி தீ மீட்டர் ரூம்லதான் ஆரம்பிக்கும். ஈரக் கையோட அதுக்குப் பக்கத்துல நிக்கிறீங்க. வழி ஒண்ணுதான். பத்து நாள்ல எடுத்துருங்க" என்றேன். கெஞ்சுவார் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துருதேன் தம்பி. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான. ஒரு வார்த்தை கேக்கேன், கோவிக்கக் கூடாது. ஒங்க வீட்டுக்கு ஓ.சி. இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றேன்.

"அப்பம் சரி" என்றார். அவ்வளவுதான். பத்து நாளில் இடம் காலி. நான் போய்ப் பார்த்துப் படமெடுத்து ஃபைலை மூடினேன். அவர் இப்போது எங்கே மாவரைக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

மே 28, நம் கட்டடத்துக்கு இன்ஸ்பெக்ஷன். முந்தின நாள் பலகைகளைக் கழற்றினோம். நீ மாடிப்படியில் நின்று, "அப்பா, நம்ம கிளாஸ எங்க தூக்கிட்டுப் போறாங்க?" என்றாய். "குளிக்க" என்றேன். வந்த இன்ஜினியர் என் டிபார்ட்மென்ட்டில் என்னைவிட நாலு வருஷம் இளையவன், கேதார். ஒழுங்கான பையன். நான் இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் அவனுக்குத்தான் சங்கடம். எல்லாம் அளந்தான். கீழ்த்தளத்துக்கு வந்து தரையைப் பார்த்தான். வரிசையாகத் துளைகள். "சர், யே க்யா ஹை?" இது என்ன என்று என்னைக் கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் செக்ரட்டரி, "அரே சாப், வோ கண்பதி கா மண்டப் லக்தா ஹை நா, உஸ்கா" என்றார். விநாயகர் பந்தலுக்குப் போட்ட துளையாம். கேதார் சிரித்தான். "அப்படியா சர்?" என்றான், என்னைப் பார்த்தே. நீங்கள் 'ஆமாம்' என்றால் நான் எழுதிக்கொண்டு போகிறேன் என்ற சிரிப்பு அது.

பலகை இல்லாத அந்த இடத்தை அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். மதியம் நீ படுத்துத் தூங்குகிற பாய் விரிக்கும் மூலை. அங்கிருந்து நாலடியில் மீட்டர் ரூம். அதன் மீட்டர் போர்டில் மேல் மூடி ஓரத்தில் கருகிய தடம். பழசா புதுசா தெரியவில்லை. கதவு இருந்த இடம் அந்தக் கோடி. பதிமூன்று பிள்ளைகள், பாதிப் பேருக்குத் தானாகச் செருப்புப் போடத் தெரியாது. மாதுங்காவில் ஒரு அம்மாவுக்கு நான் பாடம் எடுத்த அதே இடம், அதே வழி ஒண்ணு. அதை வரைந்தவன் நான், உன்னைக் கொண்டுபோய் உள்ளே படுக்கவைத்தவனும் நான்.

"இல்ல கேதார். நேத்து வரைக்கும் இங்க சுவர் இருந்தது. நாளைக்குத் திரும்ப வரும். உள்ளே பதிமூணு பிள்ளைங்க இருப்பாங்க. எழுது" என்றேன் ஹிந்தியில். செக்ரட்டரி கையில் இருந்த ஜூஸ் பாட்டிலை அப்படியே பிடித்தபடி நின்றார். கேதார் எழுதினான். ஃபைல் திரும்பிவிட்டது. பலகைகளை நிரந்தரமாக அகற்றி, துளைகளை மூடி, தீயணைப்புத் துறையிடம் மறுபடி காட்டி, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் ஒரு மழைக்காலம் போகும். நாற்பத்தியொரு வீட்டுக்கு இன்னும் ஒரு வருஷம் டேங்கர்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே நடந்ததையும் மாதுங்கா மாவுக் கடையையும் நான் சொல்லி முடித்தபோது உங்கம்மா கத்தவில்லை. பிள்ளைகளின் பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டே கேட்டாள்: "மீட்டர் ரூம் பக்கத்துல இருக்குன்னு ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

"தெரியும். யோசிக்கல."

"அந்த மாவுக் கடைக்காரம்மா சங்கதி?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா எங்கிட்ட ஏன் சொல்லல? ஏங்க, சுவத்தை எடுக்கணும்னா நானே எடுத்திருப்பேன்லா. பதிமூணு பிள்ளைக்கும் வாசல்ல உக்காந்திருந்தது நாந்தானே. நெருப்பு வந்தா நான் எத்தனை பேரைத் தூக்கியிருப்பேன்? அந்தப் பையன் கேட்டான், டக்குனு சொல்லிட்டீய. எவனோ ஒருத்தனுக்குச் சொல்லத் தோணுது. பக்கத்துல படுத்திருக்கவளுக்குச் சொல்லத் தோணல."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். நான் சொன்னது: "ஒனக்கு இதெல்லாம் புரியாது. ரூல்னா ரூல்." சொல்லி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னதைத் திருத்திப் பேசுகிற பழக்கம் என்னிடம் இல்லை. எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போடுவது ஃபைலில் மட்டும்தான் எனக்கு வரும்.

மறுநாள் முதல் பன்னிரண்டு அம்மாக்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரும் திட்டவில்லை. "தீதி, இப்போ என் பிள்ளையை எங்கே விடுவேன்?" என்று அவளைத்தான் கேட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு வீட்டில் பிறந்தநாள். மாடி மாடியாக எல்லாப் பிள்ளைக்கும் அழைப்பு வந்தது, நம் கதவை மட்டும் தாண்டிப் போனது. நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். அன்றுதான் அவள் பையை எடுத்தாள். "ஸ்கூல் தொறக்க வரைக்கும் அக்கா வீட்ல இருக்கேன்" என்றாள். இப்போது ஸ்கூல் திறக்கப்போகிறது, ஃபாரம் வந்திருக்கிறது.

தனியாக இருப்பது எனக்குப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள் இருந்த சத்தம் போனபின் தனியாக இருப்பது வேறு என்று இந்தப் பதினாலு நாளில்தான் தெரிகிறது. காலையில் லிஃப்ட்டில் நான் ஏறினால் ஐந்தாம் மாடிக்காரர் ஏதோ மறந்ததுபோல் திரும்பிப் போகிறார். சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் நான் டேங்கர் நேரம் கேட்டேன். நீல டிக் முப்பத்தெட்டு வந்தது, பதில் வரவில்லை. சமைத்தால் எப்போதும் மூன்று பேருக்கு வந்துவிடுகிறது. குறைத்துப் போட்டால் குக்கர் அடிப்பிடிக்கிறது. நேற்று உன் ஒற்றைச் செருப்பு சோஃபாவுக்கு அடியில் கிடைத்தது. அதைத் துடைத்து ஜோடி தேடினேன், கிடைக்கவில்லை. ஒருவேளை ஒற்றைச் செருப்போடுதான் போனாயோ என்று அரைமணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். பண்ணவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது இரண்டுதான். ஒன்று, சாவி கொடுப்பவனிடம் பேப்பர் கேள். இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடு. பால் காய்ச்சிவிட்டால் அப்புறம் வெளியே வர முடியாது, வருஷக்கணக்கில் 'ஃபர்னிச்சர் வேலை' என்று எழுதிக்கொண்டே இருப்பாய். கதவுக்கு இத்தனை அகலம், மீட்டருக்கு இத்தனை தூரம் என்ற விதிகளை முட்டாள்கள் எழுதவில்லை. யாரோ எங்கோ மாட்டிக்கொண்ட பிறகு எழுதினார்கள். அதை நான் இன்றும் நம்புகிறேன். கேதாரிடம் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. அதை நீ தப்பாக நினைக்காதே. இரண்டாவது, உண்மையைச் சொல்வது மட்டும் போதாது, யாரிடம் முதலில் சொல்கிறாய் என்று பார். நான் வரிசையைத் தப்பாகப் பிடித்தேன். ஒரு அறைக்குள் ஒருத்தி பதிமூன்று பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும்போது, அவள் காதுக்குப் போகாத உண்மை அவளுக்கு எதற்கு உதவும்? உண்மை வேறு யாரிடமோ போகிறது, சுவர் அவள் தலையில் விழுகிறது.

நேற்று சாயங்காலம் போட்ட கணக்கும் அதே ரகம்தான். கையெழுத்தைப் பிடித்துவைத்து உன்னையும் அவளையும் திரும்ப வரவைக்கலாம். வந்து என்ன செய்வீர்கள்? பிடித்துவைத்த கையெழுத்தால் கிடைத்த இன்னொரு சாவி மாதிரி, உள்ளே இருப்பீர்கள், இருப்பதாக ஆகாது.

இன்று ஆபீஸ் லீவு. செய்யப்போவது:

1. மொட்டைமாடியில் நீல பிளாஸ்டிக் போர்த்தி வைத்திருக்கும் பலகைகளை உடைத்து, பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவுக்குக் கொடுப்பது. செக்ரட்டரி கத்துவார். கத்தட்டும். பதினாலு நாளுக்கு அப்புறம் ஒரு வீட்டுக்காரரின் குரல்.

2. தரையில் முப்பத்தாறு துளையையும் நானே சிமென்ட் வைத்து அடைப்பது.

3. மாதுங்காவில் அந்த அம்மா எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, என் வீட்டுக்கு ஓ.சி. இல்லை என்று நேரில் சொல்வது. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது.

4. திங்கட்கிழமை என் மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுப்பது: ஓ.சி. இல்லாத வீட்டில் நாலு வருஷமாகக் குடியிருக்கிறேன், மறைக்கும் பலகைகளை வரைந்தவனும் நானே. வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. கொடுப்பதற்கு முன்னால் இதை உங்கம்மாவிடம் சொல்வது. இது இன்றே.

5. இரண்டு கதவு உள்ள, பிள்ளைகளை வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கக்கூடிய கீழ்த்தள அறை ஒன்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் கேட்டால் மட்டும் சொல்வது. கேட்காவிட்டால் வாயைத் திறக்காமல் இருப்பது.

6. டோம்பிவிலி. போன் பண்ணாமல் போவது. அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருப்பது. திரும்பி வா என்று சொல்லாமல் ஃபாரத்தை அவள் கையில் கொடுப்பது. கையெழுத்து, இந்த வரிக்கு முந்தின வரியை எழுதியதுமே போட்டுவிட்டேன்.